புகைப்பழக்கத்தை விடும் வகை



புகைபிடிப்பதால் விளையும் தீமைகளை இன்று நான் எடுத்துரைக்கப் போவதில்லை. அவற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். சிகரெட்டுப் பெட்டியின் முகப்பில் நூற்றுக்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கையே அடைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்னும் விதி 2016-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. திரையரங்கிலும் படம் தொடங்குமுன் அதே செய்தியைக் காட்டுகிறார்கள். புகைபிடிக்கும் இளைஞன் ஒருவனை நிறுத்தி, "தம்பி, இது உடலுக்குத் தீங்கு" என்று சொல்வது, மழையில் நனைந்து நிற்பவனிடம், "மழை பெய்கிறது" என்று சொல்வதை ஒக்கும். அவன் அறியாதது வேறொன்று. இதை விடுவது எங்ஙனம் என்பதே அது. வீட்டில் தந்தையார் சினப்பார், தாயார் அழுவார், பள்ளியில் தண்டிப்பார்கள். எல்லாரும் "விட்டுவிடு" என்பார்கள். எப்படி என்று சொல்பவர் அரியர்.

அவ்வாறு தண்டித்தவர்களுள் நானும் ஒருவன். அதை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

1992-ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையின் மேற்குப் பகுதியில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளிக் கணக்காசிரியனாக இருந்தேன். அப்பகுதியில் பீடி சுற்றுவது பெண்களின் வீட்டுத் தொழில். மடியிற் சுளகை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையில் தூளை இட்டுச் சுருட்டி, நூலாற் கட்டி, மாலையில் எண்ணிக் கடையிற் கொடுப்பார்கள். அத்தகைய வீட்டுப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்பிற் படித்தான். கணக்கில் வகுப்பின் முதல் மூவருள் ஒருவன். ஒருநாள் அவன் சட்டைப்பையில் நான்கு பீடிகளும் ஒரு தீப்பெட்டியும் இருக்கக் கண்டேன். மறுநாட் காலை, வழிபாட்டுக் கூட்டத்தில், பள்ளி முழுவதும் பார்க்க, பிரம்பால் அடித்தேன். அக்காலத்தில் அது பெருந்தவறாகக் கருதப்படவில்லை. ஒழுக்கத்தைக் காத்தேன் என்றே நான் எண்ணிக்கொண்டேன்.

அன்று பிற்பகல் அவன் தாயார் வந்தார். இலை நறுக்கி நறுக்கிக் காய்த்துப்போன விரல்கள். மகனுக்காக வாதாடவில்லை. "அவன் செஞ்சது தப்புதான், ஐயா. நான் சுத்துற சுளகுலேருந்துதான் எடுத்திருக்கான். ஆனா நீங்க பேசும்போது உங்ககிட்டயும் அந்த வாடை வருதே. உங்களை யாரு அடிக்கது?" என்று கேட்டார். சினந்து கேட்டதாகத் தோன்றவில்லை. தெரிந்துகொள்ள விரும்பியே கேட்டார் போலிருந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. கல்லூரி விடுதியில் பத்தொன்பதாம் வயதில் தொடங்கிய பழக்கம் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு சிகரெட்டு என்னும் அளவில் நிலைபெற்றிருந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உளநூல் படித்தேன். பழக்கம் என்னும் பகுதியில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அந்தப் படிப்பு என் சட்டைப்பை வரையில் வரவில்லை. அம்மையாரின் வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அந்த மாணவனோ மறுவாரம் முதல் பள்ளிக்கு வரவில்லை. வீட்டிற்குச் சென்று அழைத்தேன். தலைமையாசிரியரும் ஆள் அனுப்பினார். அவன் வரவேயில்லை. பிரம்பு அவனைப் பீடியிலிருந்து பிரிக்கவில்லை, பள்ளியிலிருந்து பிரித்துவிட்டது.

இனி, பழக்கம் எவ்வாறு வேர்கொள்கிறது என்று பார்ப்போம். வேரை அறியாமல் பிடுங்க முற்பட்டால் தழைதான் கையோடு வரும்.

காந்தியடிகள் சிறுவராயிருந்தபோது உறவினர் ஒருவரோடு சேர்ந்து புகைபிடித்த செய்தியைத் தம் வரலாற்றில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சிற்றப்பனார் பிடித்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பற்றவைத்தார்கள். அவை எப்போதும் கிடைக்கவில்லை. ஆகவே வேலைக்காரரின் பையிலிருந்து காசு திருடினார்கள். புகையின் மணம் அவர்களுக்குப் பிடித்திருந்ததும் இல்லை. பெரியவர்களின் இசைவின்றி எதையும் செய்ய முடியவில்லையே என்னும் மனக்குறையும் அவர்களை வாட்டிற்று. இதைப் படிக்கும் எந்த இளைஞனும் தன் முதற் சிகரெட்டை நினைத்துக்கொள்ளட்டும். அது சுவையாயிருந்ததா? இருமலும் தலைச்சுற்றலும்தான் வந்திருக்கும். ஆயினும் இரண்டாவதைப் பிடித்தான். முதலாவதைப் பிடிக்கச் செய்தது விடுதலை வேட்கை. இருபதாவதையும் முப்பதாவதையும் பிடிக்கச் செய்வது வேறு.

அந்த வேறு ஒன்றுக்கு நிகோட்டின் என்று பெயர். புகையை உள்ளிழுத்த பத்து இருபது விநாடிக்குள் அது மூளையை அடைகிறது. அங்கே சிறியதோர் இன்ப உணர்வைக் கிளறிவிடுகிறது. இரத்தத்தில் கலந்த நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல், மனச்சோர்வு, கவனக்குறைவு ஆகியவை தலைகாட்டுகின்றன. இன்னொன்று பற்றவைத்ததும் அவை தணிகின்றன. உடனே இளைஞன், "படிக்கும்போது மனம் ஒருமைப்பட எனக்குச் சிகரெட்டு வேண்டும்" என்கிறான். காலையில் அவன் மடியிலிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, நண்பகலில் அதிற் பாதியை அவனுக்கே கடனாகக் கொடுக்கும் வட்டிக்கடைக்காரனை வள்ளல் என்று போற்றுவது போன்றது இது.

இங்கே கணக்காசிரியன் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட்டு. ஒன்றுக்குப் பத்து முறை இழுப்பதாகக் கொண்டால் நூறு இழுப்பு. ஆண்டொன்றுக்கு 36,500. ஒவ்வோர் இழுப்பும் மூளைக்கு ஒரு பாடம்: "இதைச் செய்தால் தணியும்." எந்தப் பள்ளியிலும் எந்த வாய்பாட்டையும் ஆண்டுக்கு முப்பத்தாறாயிரம் முறை யாரும் ஒப்பித்ததில்லை. இருபத்தைந்து வயதளவும் முதிர்ச்சி பெற்றுவரும் இளமூளையில் இவ்வளவு முறை எழுதிய எழுத்து ஒரே நாளில் அழியவில்லை என்றால் அது மனவலிமைக் குறைவாகாது. "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்லும் பெரியவர்கள் இதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பாடமாகக் கற்றதைப் பாடமாகவே மறக்க வேண்டும். அதற்கு முறை வேண்டும். முயற்சி இரண்டு மூன்று முறை தவறினாலும் மீண்டும் எழுத ஒரு சிலேட்டும் வேண்டும்.

முதலிற் செய்ய வேண்டியது, விடுவதன்று, எழுதுவது. ஒரு வாரம் வழக்கம் போலவே பிடியுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதுங்கள். மணி என்ன, இடம் எது, உடன் இருந்தவர் யார், எவ்வளவு தேவையாக இருந்தது. தேவையை ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண் போட்டுக் குறித்தாற் போதும். நான் தலைமையாசிரியனான பிறகு, புகைபிடித்து அகப்பட்ட மாணவர்களைக் கூட்டத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டு, தனியே அழைத்து இந்தக் குறிப்பேட்டைத்தான் கொடுத்தேன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு வாரத்தில் 46 வரி எழுதிக் கொண்டுவந்தான். அவற்றுள் மூன்று மதிப்பெண் பெற்றவை பதினொன்றே. எஞ்சிய முப்பத்தைந்தும் பேருந்துக்குக் காத்திருந்தபோது, தேநீர் குடித்தபின், நண்பன் நீட்டியதால், கை சும்மா இருந்ததால். "ஐயா, இவ்வளவும் நான் விரும்பிப் பிடிக்கவில்லையே!" என்று அவனே வியந்தான். அந்த வியப்பை நான் எத்தனை மணி நேரம் அறிவுரை கூறியும் அவனுக்குள் உண்டாக்கியிருக்க முடியாது. விட வேண்டியவை முப்பத்தைந்து எளியவை, பதினொன்று அரியவை என்று தெரிந்தபின், போர்க்களத்தின் வரைபடம் கையில் இருப்பது போலாயிற்று.

அடுத்தது நாள் குறித்தல். இரண்டு வாரத்திற்குள் ஒரு நாளாக இருக்க வேண்டும். "தேர்வு முடியட்டும்" என்பவனுக்குத் தேர்வு முடிவதேயில்லை; தேர்வுக்குப் பின் விடுமுறைக் கொண்டாட்டம், அதன்பின் புதுப் பருவம். விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு நான் சொல்லும் யோசனை ஒன்றுண்டு. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறீர்கள். தந்தையாருக்கு அஞ்சி மூன்று நாளோ நான்கு நாளோ சிகரெட்டைத் தொடாமல் இருக்கிறீர்கள். நிகோட்டினை விட்டவனுக்கு உண்டாகும் தொல்லைகள் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உச்சத்தில் நிற்கும். அதன்பின் இரண்டு முதல் நான்கு வாரங்களிற் படிப்படியாகத் தணியும். ஆகவே மிகக் கடினமான பகுதியை நீங்கள் அறியாமலே வீட்டில் கடந்துவிடுகிறீர்கள்! பிறகு ஊர் திரும்பும் பேருந்தை விட்டு இறங்கியதும் நிலையத்துப் பெட்டிக்கடையில் ஒன்றை வாங்கிப் பற்றவைத்து, கடந்த நான்கு நாளையும் காற்றில் ஊதிவிடுகிறீர்கள். ஊருக்குப் புறப்படும் நாளையே விடும் நாளாகக் குறித்துக்கொள்ளுங்கள். தந்தையாரிடம் உள்ள அச்சம் இவ்வொரு முறையேனும் பயன்படட்டும்.

சிறிது சிறிதாகக் குறைத்து விடலாமே என்பர் சிலர். நானும் அவ்வாறே எண்ணினேன். பன்னிரண்டைப் பத்தாக்கினேன், பத்தை ஏழாக்கினேன், ஏழை ஐந்தாக்கினேன். ஐந்தில் நிற்கும்போது, அந்த ஐந்தும் தேவாமிர்தமாகிவிட்டன. நாள் முழுவதும் அடுத்தது எப்போது என்பதே நினைவு. இரண்டு மாதத்திற்குப் பின் ஒரு மாலையில் கணக்கைக் கைவிட்டேன். அடுத்த வாரம் பதினான்கு பிடித்தேன். என் அனுபவம் ஒருவனுடைய அனுபவமே. ஆனால் இங்கிலாந்தில் ஏறத்தாழ எழுநூறு பேரைக்கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதையே காட்டிற்று. குறித்த நாளில் ஒரேயடியாக விட்டவர்களில் நூற்றுக்கு 49 பேர் நான்கு வாரம் கழித்தும் பிடிக்காமலிருந்தனர்; இரண்டு வாரம் குறைத்துக் குறைத்து விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேரே அவ்வாறு இருந்தனர். குறைத்து விட்டவர்களிலும் வெற்றி பெற்றோர் உண்டு என்பதை மறக்க வேண்டா. எனினும், தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு இருக்குமானால், நாளைக் குறித்து, அன்றே நிறுத்துங்கள்.

அந்த நாள் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இரவே பெட்டி, தீப்பெட்டி, லைட்டர் எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டும். "ஒன்று மட்டும் இருக்கட்டும், ஆபத்துக்கு" என்று புத்தகத்திற்குள் ஒளித்துவைப்பவன் ஆபத்தை அன்றோ ஒளித்துவைக்கிறான்? நம் நாட்டில் ஒளித்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. பெட்டிக்கடையில் சில்லறையாக ஒன்று, இரண்டு என்று கொடுக்கிறார்கள். பெட்டியிலுள்ள எச்சரிக்கைப் படம் கடைக்காரர் கண்ணில் மட்டுமே படுகிறது. பற்றவைக்கக் கடைத்தூணில் கயிற்றின் நுனி கனன்றுகொண்டு தொங்கும். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கலாகாது, கல்வி நிலையங்களைச் சுற்றி 100 கஜ தூரத்திற்குள் விற்கலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அளக்கும் கோல்தான் பல ஊர்களில் சற்றுக் குட்டையாக இருக்கிறது. எனவே, கடை தானாக விலகிப்போகும் என்று காத்திராமல், நீங்கள் விலகி நடக்க வேண்டும். ஒரு மாதத்திற்கு வேறு தெருவழியாகக் கல்லூரிக்குப் போங்கள். தேநீரை விடுதிச் சாப்பாட்டுக் கூடத்திலேயே குடியுங்கள். எனக்குத் தேநீரும் சிகரெட்டும் இணைபிரியாத இரட்டையராக இருந்தன. ஒன்றைக் கண்டதும் மற்றொன்றைக் கை தேடும். ஆறு வாரம் தேநீரை நிறுத்தி மோர் குடித்தேன். உடன் பணியாற்றியவர்கள் நகைத்தார்கள். நகைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். புகைக்க வேண்டும் என்னும் தவிப்பு எழும்போது, அது மேலும் மேலும் வளர்ந்து நம்மை விழுங்கிவிடும் என்று தோன்றும். அது மயக்கம். தவிப்பு அலையைப் போன்றது. எழும், உச்சிக்கு வரும், சில நிமிடங்களில் அடங்கும். பிடித்தாலும் அடங்கும், பிடிக்காவிட்டாலும் அடங்கும். பிடிப்பவன், சிகரெட்டுதான் அடக்கிற்று என்று எண்ணிக்கொள்கிறான். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து இதை நானே சோதித்தேன். முதல் நாள் காலை பள்ளி இடைவேளையில் எழுந்த தவிப்பு ஆறு நிமிடம் நின்றது. மணி அடித்து வகுப்பில் நுழைந்து கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதி முடிக்குமுன் மறைந்தது. ஆகையால் நீங்கள் வெல்ல வேண்டுவது வாழ்நாள் முழுவதையுமன்று, ஐந்தாறு நிமிடத்தையே. "இனி என் வாழ்நாளில் ஒன்றுகூட இல்லையா?" என்று மலைத்து நிற்பவனை அந்த மலைப்பே வீழ்த்திவிடும்.

அந்த ஐந்து நிமிடத்திற்கு ஏதேனும் ஒரு வேலை இருக்க வேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கலாம். பல் துலக்கலாம், துலக்கிய வாயிற் புகை கசக்கும். விடுதி மாடிப்படியில் இருமுறை ஏறி இறங்கலாம். வாய்க்கு ஏதேனும் வேண்டுமென்றால் கிராம்பு, ஏலக்காய், சோம்பு, உப்பிட்டு உலர்த்திய நெல்லிக்காய் என்று எத்தனையோ இருக்கின்றன. நெல்லிக்காயை ஒரு சிறு டப்பியில் இட்டு, முன்பு சிகரெட்டுப் பெட்டி இருந்த அதே பையில் வைத்துக்கொண்டேன். கை பழைய இடத்திற்குத்தான் போகும், அங்கே வேறொன்று இருக்கட்டும். ஆனால் வெற்றிலையோடு புகையிலை, வாயில் அடக்கும் தூள், மூக்குப்பொடி ஆகியவற்றின் பக்கம் திரும்ப வேண்டா. அவற்றிலும் இருப்பது அதே நிகோட்டின்தான். வாய்ப் புற்றுநோயும் உடன் வரும். மின் சிகரெட்டு என்னும் கருவியை 2019-ஆம் ஆண்டிலேயே இந்திய அரசு தடைசெய்துவிட்டது.

நண்பர்களைப் பற்றி ஒரு சொல். ஒருவன் நீட்டும்போது, "விடப் போகிறேன்" என்று சொல்லாதீர்கள். அது எதிர்காலம், எதிர்காலத்தில் விடப் போகிறவன் நிகழ்காலத்தில் ஒன்று பிடித்தால் என்ன என்று அவன் வற்புறுத்துவான். "நான் பிடிப்பதில்லை" என்று சொல்லுங்கள். பிறகு பேச்சு மாறிவிடும். நெருங்கிய நண்பன் ஒருவனிடம் மட்டும் முன்னதாகவே எல்லாவற்றையும் சொல்லிவைப்பது நல்லது. அந்த நண்பனுக்கும் ஒரு வேண்டுகோள்: காவற்காரனாக மாறி அவன் வாயை முகர்ந்து பார்க்காதே, மாலை ஐந்து மணிக்கு அவனை அழைத்துக்கொண்டு விளையாட்டுத் திடலுக்குப் போ. இக்காலத்துப் பெண்பிள்ளைகள் சிலருக்கும் இப்பழக்கம் உண்டு என்று கேள்வியுறுகிறேன். அவர்கள் ஆண்களினும் ஆழமாக ஒளித்துவைக்க வேண்டியிருப்பதால் உதவி கேட்கவும் தயங்குவர். நான் சொல்வன யாவும் அவர்களுக்கும் உரியனவே.

சிலருக்கு இவை மட்டும் போதா. காலையில் கண் விழித்த அரைமணி நேரத்திற்குள் முதலாவதைப் பற்றவைப்பவருக்கு நிகோட்டினின் பிடி வலியது என்று மருத்துவர் கூறுவர். அத்தகையோருக்கு நிகோட்டின் கலந்த மெல்லும் பசை உண்டு. அது பிறந்த கதை சுவையானது. 1967-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டில் கிளேஸ் லுண்ட்கிரன் என்னும் ஆய்வாளர், நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க வழியில்லாத மாலுமிகள் புகையிலையை வாயிலிட்டுச் சமாளிப்பதைக் கவனித்து, மருந்து நிறுவனம் ஒன்றிற் பணியாற்றிய தம் நண்பர் ஊவே ஃபெர்னோவுக்குத் தெரிவித்தார். ஃபெர்னோ தாமே புகையை விட முயன்று தவித்துக்கொண்டிருந்தவர். புகையின் தாரும் கரிப்புகையும் இல்லாமல் நிகோட்டினை மட்டும் சிறிதளவு கொடுத்து, பின் அதையும் குறைத்து நிறுத்தலாமே என்னும் எண்ணத்திலிருந்து அந்தப் பசை உருவாயிற்று. நம் ஊர் மருந்துக் கடைகளிலும் 2 மில்லிகிராம் அளவில் கிடைக்கிறது. அதை மிட்டாய் போல் மென்று தள்ளினால் விக்கலும் வயிற்றெரிச்சலுமே மிஞ்சும். காரம் தோன்றும் வரையில் மெல்ல மென்று, கன்னத்திற்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் மறைந்தபின் மீண்டும் மெல்ல வேண்டும். காப்பி குடித்த கால்மணி நேரத்திற்குள் போட்டால் நன்கு ஏறாது. பதினெட்டு வயது நிரம்பாதவர் மருத்துவரைக் கேளாமல் வாங்கலாகாது.

மருத்துவரைக் கேட்க வெட்கமாயிருக்கிறதா? தொலைபேசியிற் கேட்கலாம். டெல்லியிலுள்ள வல்லபாய் பட்டேல் மார்பு நோய் நிலையத்தில் 2016-ஆம் ஆண்டு இதற்கெனவே தேசிய உதவித் தொலைபேசி ஒன்றை அமைத்தார்கள். எண் 1800-11-2356. கட்டணம் இல்லை. சிகரெட்டுப் பெட்டியின் மீதே இவ்வெண் அச்சிடப்பட்டுள்ளது; சில்லறையாக வாங்குவோர் பார்க்காமற் போகும் மற்றொரு பயனுள்ள செய்தி இது. சென்னை அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்திலும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் புகையிலையை விடுவோர்க்கு ஆலோசனை தரும் பகுதிகள் உள்ளன.

விட்ட சில வாரம் இருமல் மிகலாம், தூக்கம் கெடலாம், மலச்சிக்கல் வரலாம், பசி கூடி உடல் சற்றுப் பெருக்கலாம். இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு நாளுக்குள் இரத்தத்திலுள்ள கரிப்புகை நச்சு பெரிதும் நீங்கிவிடுகிறது. சில நாட்களில் நாவும் மூக்கும் விழித்துக்கொள்கின்றன. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் எங்கள் வீட்டு ரசத்தில் பெருங்காயம் இருப்பதை நான் கண்டுபிடித்தபோது என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

தவறி ஒன்று பிடித்துவிட்டால் என்ன செய்வது? இங்கேதான் பெரும்பாலோர் தோற்கின்றனர். என் மூன்றாம் முயற்சியில் நான்கு மாதம் வென்றிருந்தேன். ஒரு திருமண வீட்டில், பழைய விடுதித் தோழர்கள் நடுவில், "ஒன்றுதானே" என்று வாங்கினேன். அந்த ஒன்று என்னை வீழ்த்தவில்லை. "எல்லாம் போயிற்று, நான் உருப்படாதவன்" என்று அன்றிரவு எண்ணினேனே, அந்த எண்ணமே வீழ்த்திற்று. மறுநாள் ஒரு பெட்டி வாங்கினேன். பல மாதம் பழைய நிலைதான். ஒரு கணக்குத் தவறினால் விடைத்தாள் முழுவதையும் கிழித்தெறியும் மாணவனை நான் கண்டதில்லை; ஆனால் நான் அதைத்தான் செய்தேன். ஒன்று பிடித்துவிட்டவன், எந்த இடத்தில், யாருடன், எதனால் என்று குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டு, அடுத்த மணியிலிருந்தே பிடிக்காதவனாக நடக்கலாம். நான் நான்காம் முறையாக 1994-ஆம் ஆண்டுப் பொங்கலன்று விட்டேன். அதன்பின் தொடவில்லை.

"இப்போதுதான் இருபது வயது, முப்பதுக்குமேல் விட்டால் போதாதா?" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ரிச்சர்டு டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர், நுரையீரற் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று லண்டன் மருத்துவமனைகளில் ஆராய்ந்து 1950-இல் வெளியிட்டனர். டால் புகைபிடிப்பவர். சாலைக்கு இடும் தார் காரணமாயிருக்கலாம் என்று ஐயுற்றே வேலையைத் தொடங்கினார். விவரங்கள் சேரச் சேர, காரணம் தம் விரலிடுக்கிலேயே இருப்பதைக் கண்டு, ஆய்வு முடியுமுன்பே சிகரெட்டை விட்டுவிட்டார். பின்னர் 1951 முதல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பல்லாயிரவரை ஐம்பதாண்டு தொடர்ந்து கவனித்து 2004-இல் முடிவைக் கூறினார். தொடர்ந்து புகைபிடித்தோர் சராசரி பத்தாண்டு முன்னதாக இறந்தனர். அறுபதில் விட்டவர் மூன்றாண்டும், ஐம்பதில் விட்டவர் ஆறாண்டும், நாற்பதில் விட்டவர் ஒன்பதாண்டும், முப்பதில் விட்டவர் ஏறத்தாழப் பத்தாண்டும் மீட்டுக்கொண்டனர். டால் தொண்ணூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 2005-இல் மறைந்தார். ஆகவே முப்பது வரையில் காத்திருக்கலாம் என்று கணக்குப் போட இடமிருக்கிறதுதான். ஆனால் இருபதில் ஏழாயிரம் சிகரெட்டின் பாடத்தை அழிப்பதா, முப்பதில் நாற்பதாயிரத்தின் பாடத்தை அழிப்பதா என்னும் மற்றொரு கணக்கையும் உடன் போட வேண்டும். முப்பத்தொன்றில் தொடங்கியவன் சொல்கிறேன், எனக்கு நான்கு முயற்சி வேண்டியிருந்தது.

அந்தத் தாயாரை 1997-ஆம் ஆண்டில் தென்காசிப் பேருந்து நிலையத்தில் மீண்டும் கண்டேன். அவரே என்னை அடையாளம் கண்டு அருகில் வந்து நின்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விட்டுட்டியளா, ஐயா?" என்றார். மூன்று ஆண்டு ஆயிற்று என்றேன். மகன் கேரளத்தில் ஒரு தேநீர்க்கடையில் வேலை செய்வதாகவும், இப்போது நாளைக்கு இரண்டு கட்டு பீடி பிடிப்பதாகவும் சொன்னார். "அடிக்காம எப்படி விடுறதுன்னு அவனுக்குச் சொல்லுங்க" என்று கேட்டார். பேருந்து வர அரைமணி நேரம் இருந்தது. என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, குறிப்பேடு, ஊருக்கு வரும் நாள், ஐந்து நிமிடம், நெல்லிக்காய், தவறினால் மறுபடி என்று இங்கே சொன்னவற்றிற் பெரும்பகுதியை எழுதிக் கொடுத்தேன். கீழே, "உன்னை அடித்தது என் தவறு" என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் அத்தாளை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்தில் ஏறினார்.